நிழலுக்கு அளந்து எடு

"தம்பி, கேமராவ அங்கன வைய்யி. கைய நீட்டு."

அண்ணாச்சி எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் இது. 2018, சித்திரை மாதம், மதியம் பன்னிரண்டரை மணி. திருநெல்வேலி ஜங்ஷனில் அவருடைய ஸ்டூடியோ வாசலில் நின்றிருந்தோம். தகரச் சார்ப்புக்குக் கீழே ஓரடி நிழல், அதைத் தாண்டினால் தெரு முழுக்க வெயில். உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பச் சொன்னார். பிறகு கவிழ்க்கச் சொன்னார். அப்புறம் பின்னால் வந்து, நிழலுக்குள் அதே கையை நீட்டச் சொன்னார். வெயிலில் ரேகையெல்லாம் வெளுத்துப்போய் விரலிடுக்கு மட்டும் கரிக்கோடாகத் தெரிந்தது. நிழலுக்குள் வந்ததும் ஒவ்வொரு ரேகையும் தனித்தனியாக எழுந்து நின்றது. "இதுக்கும் அதுக்கும் எம்புட்டு வித்தியாசம்னு கண்ணு சொல்லணும். மெஷின் சொல்லப்பிடாது" என்றார். அரைமணி நேரம் கையையே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு ஒரு படமும் எடுக்கவில்லை.

அதற்கு முன் ஆறு வருஷம் நான் கல்யாண வீடுகளில் டிஜிட்டல் கேமரா தூக்கியவன். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படத்துக்குக் குறையாது. தாலி ஏறும் அந்த நாலைந்து விநாடிக்கு மட்டும், பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் நாற்பது ஐம்பது படம் ஓடும். அதில் ஒன்று கட்டாயம் தேறும். அதை ஆல்பத்தில் வைத்துவிட்டு மற்றதை அழிப்பேன். தேறிய அந்த ஒன்று ஏன் தேறியது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அதே மாதிரி இன்னொன்று எடு என்றால் எடுக்கவும் தெரியாது. மறுபடியும் ஐம்பது ஓட்டத்தான் தெரியும். வேலை பெருகியது, கை தேறவில்லை. ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைக் கழித்துக்கட்டும்போது அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு அறுபதாம் கல்யாணம். மதியச் சாப்பாடு முடிந்து வீடு ஓய்ந்திருந்த நேரத்தில், அந்த வீட்டு ஆச்சி டிரங்குப் பெட்டியிலிருந்து தன்னுடைய கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்து காட்டினார். கறுப்பு அட்டையில் மூலை ஒட்டி வைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு. ஒன்றுகூட வீண் இல்லை. மணப்பெண் தலை குனிந்திருக்கும் படத்தில் முகத்தின் பாதி இருட்டில் இருக்கிறது. ஆனால் அந்த இருட்டுக்குள்ளும் மூக்குத்தி தெரிகிறது, கன்னத்து மேடு தெரிகிறது, காதோர முடி தெரிகிறது. அன்றைக்குக் காலையிலிருந்து அதே தார்சாவில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், அதே ஜன்னலோரத்தில்தான் நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபிளாஷ் போட்டு எல்லா முகத்தையும் ஒரே மாதிரி வெளுத்து வைத்திருந்தேன். இதை எடுத்தது யார் என்று கேட்டேன். ஜங்ஷன் ஸ்டூடியோக்காரர் என்றார்கள். அடுத்த வாரம் தேடிப் போனேன்.

பெண்டாக்ஸ் கே1000 ஒன்றை ஏற்கெனவே பழையதாக வாங்கி வைத்திருந்தேன். 1976 முதல் 1997 வரை உற்பத்தியில் இருந்த, ஃபிலிம் ரோல் போட்டு எடுக்கும் கேமரா. பேட்டரி அதில் ஒளியை அளந்து சொல்லும் மீட்டர் முள்ளுக்கு மட்டும்தான். பேட்டரி இல்லாவிட்டாலும் ஒரு விநாடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை ஷட்டர் தன்பாட்டுக்கு ஓடும். அண்ணாச்சி அடிப்பக்கத்து மூடியை ஒரு ரூபாய்க் காசால் திருகித் திறந்து, அந்தப் பொத்தான் பேட்டரியை எடுத்து மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். "மூணு ரோல் முடியட்டும், தாரேன்."

மீட்டர் இல்லாமல் எப்படி எடுப்பது? அதற்கு உலகம் முழுக்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்து ரோல் டப்பாவிலேயே சூரியன், மேகம் என்று படம் போட்டு அச்சடித்திருப்பார்கள். நல்ல வெயிலில் அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, 16. ஷட்டர், ரோலின் வேகம் என்று டப்பாவில் போட்டிருக்கும் எண் எவ்வளவோ, விநாடியில் அவ்வளவில் ஒரு பங்கு. 400 ரோல் என்றால் அதற்கு அடுத்திருக்கும் 1/500. இதுதான் ஆரம்பப் புள்ளி. இங்கிருந்து மனசுக்குள் படியிறங்கிப் போக வேண்டும். ஒரு ஸ்டாப் திறந்தால் ஒளி இரண்டு மடங்காகும். மேகம் மூடினால் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் திற. திறந்த நிழல் என்றால் மூன்று, நான்கு. தார்சாவுக்குள் போனால் இன்னும் இரண்டு. பட்டாசலுக்குள், அதாவது உள்கூடத்துக்குள் போனால் ஷட்டரையும் இறக்கி, தூணில் தோளைச் சாய்த்து மூச்சைப் பிடித்துக்கொள். நம் பக்கத்து வீடுகள் இந்தக் கணக்கைப் படிக்கவென்றே கட்டிய மாதிரி இருக்கும். தெரு வெயிலில் தொடங்கி அடுக்களை இருட்டு வரை நேர்கோட்டில் ஒளி ஒவ்வொரு கட்டாக இறங்கிக்கொண்டே போகும். ஒரு மாதம் நான் எங்கள் வீட்டுக்குள் வாசலுக்கும் புறவாசலுக்குமாக நடந்தே பழகினேன். அபெர்ச்சர் வளையத்தை விரல் தானாகத் திருப்பும் அளவுக்கு வந்தபிறகுதான் தெருவில் எடுக்கத் துணிந்தேன்.

மூன்று ரோல் முடிந்து பேட்டரி திரும்பி வந்தபோது இன்னொன்று புரிந்தது. மீட்டர் சொல்வதை எப்போது கேட்கக் கூடாது என்பதும் தெரிந்துவிட்டிருந்தது. மீட்டருக்குத் தெரிந்தது ஒரே ஒரு நிறம், ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுச் சாம்பல். வெள்ளை வேட்டி கட்டி நாற்பது பேர் நிற்கும் கூட்டத்தைக் காட்டினாலும் அது சாம்பலாக்கப் பார்க்கும். படம் இருட்டி வரும். சேற்றிலிருந்து ஏறும் எருமையைக் காட்டினாலும் சாம்பலாக்கப் பார்க்கும். படம் வெளுத்துவிடும். ஆறு வருஷமாக என் கல்யாணப் படங்களில் வேட்டிக்காரர்கள் ஏன் அழுக்காகத் தெரிந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரிசெய்தேனே தவிர, ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அண்ணாச்சியின் முக்கியமான பாடத்துக்கு வருகிறேன். அவர் எந்தக் காட்சியைப் பார்த்தாலும் வெளிச்சத்தைப் பார்க்க மாட்டார். "எங்கன இருட்டு அடைஞ்சு கெடக்கோ அங்கன பாரு. அந்த நெழலுக்கு அளந்து எடு. வெளிச்சம் தன்னைத் தானே பாத்துக்கிடும்" என்பார்.

இதற்குக் காரணம் நெகட்டிவின் குணம். ஒளி போதிய அளவு படாத இடத்தில் நெகட்டிவில் ஒன்றுமே பதியாது, வெறும் கண்ணாடியாக இருக்கும். என்ன செய்தாலும் பிறகு அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. ஆனால் ஒளி கூடிப்போனால் இரண்டு மூன்று ஸ்டாப் வரை தாங்கும். கறுத்துத் தடித்திருக்கும், அவ்வளவுதான். பிரிண்ட் போடும்போது அந்த இடத்துக்குக் கூடுதலாக ஒளி கொடுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். டிஜிட்டலில் இது தலைகீழ். அங்கே வெளிச்சம் வெந்துபோனால் போனதுதான், நிழலைத்தான் பிறகு தூக்கி எடுக்கலாம். அதனால் டிஜிட்டலில் பழகியவன் கண் எப்போதும் வெளிச்சத்தையே காவல் காக்கும். நான் முதன்முதலாக நிழலுக்குள் பார்த்தது ரோல் போட்ட பிறகுதான். அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி இதை ஒரு முறையாகவே வகுத்து, கரியிலிருந்து வெள்ளை வரை படிகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அண்ணாச்சி அந்தப் பெயர்களைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்குச் சொல்லித் தந்தது ஜங்ஷன் வெயில்.

ஒரு நோட்டும் போடச் சொன்னார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: படத்தின் எண், அபெர்ச்சர், ஷட்டர், எங்கே நின்றேன், நிழல் எப்படி வரும் என்று நினைத்தேன். அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். ரோலைக் கழுவ மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் அந்த இடம், அந்த ஆள், அப்போதிருந்த மனசு எல்லாம் மறந்துபோகும். நெகட்டிவையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நான் நினைத்ததும் நடந்ததும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று அப்பட்டமாகத் தெரியும். பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு அக்காவை எடுத்த படத்துக்கு எதிரே "கோரை பளபளக்கும், முகம் மங்கலாக இருந்தாலும் தெரியும்" என்று எழுதியிருந்தேன். கோரை பளபளத்தது. முகம் இல்லை. ஒரு ஸ்டாப் போதவில்லை. அந்த ஒரு ஸ்டாப் எவ்வளவு என்று அதற்குப் பிறகு நான் மறந்ததே இல்லை. டிஜிட்டலில் எடுத்திருந்தால் அந்த நொடியே திரையில் பார்த்து, திருத்தி, மறுபடி எடுத்திருப்பேன். படம் கிடைத்திருக்கும், பாடம் கிடைத்திருக்காது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கடைசியாக வாங்கிய கறுப்பு வெள்ளை ரோல் 1000 ரூபாயை ஒட்டி வந்தது. முப்பத்தாறு படம். வெளியே கொடுத்துக் கழுவினால் அதற்குத் தனி. ஷட்டரை ஒரு தடவை அமுக்கினால் முப்பது ரூபாய்க்கு மேல். 100 அடி டின்னாக வாங்கி, இருட்டில் நாமே சுற்றிக்கொண்டால் பதினெட்டு ரோல் கிடைக்கும், விலை கொஞ்சம் இறங்கும். அண்ணாச்சி தொழிலில் இறங்கிய நாளில் ஊட்டியிலேயே ரோல் தயாரானது. 1960-ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 'இந்து' என்ற பெயரில் வரும். நம் மலையில் செய்த ரோலில் நம் ஊர்க் கல்யாணங்கள் பதிவாகியிருக்கின்றன என்று நினைக்க எனக்கு இன்றும் ஒரு நெகிழ்ச்சி உண்டு. அந்த ஆலை இன்றைக்கு இல்லை.

விலை அதிகம் என்பதால் படம் நன்றாக வந்துவிடாது. ஆனால் விலை காலைப் பிடித்து நிறுத்தும். கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டு, "இது வேண்டுமா?" என்று கேட்டு, வேண்டாம் என்று இறக்கியிருக்கிறேனே, அப்படி இறக்கிய தடவைகள்தான் என்னைப் பழக்கின. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் அஞ்சு தேரும் ஒரே நாளில் ஓடும். நாலு ரத வீதியிலும் கூட்டம். முதல் வருஷம் ரோலோடு போனபோது காலையிலிருந்து மதியம் வரை எடுத்தது பதினொரு படம். வடம் பிடிக்கும் கைகளைப் பத்துத் தடவை குறிபார்த்து இறக்கினேன். கடைசியில், வடம் தரையில் கிடக்க, ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போடும் இடைவேளையை எடுத்தேன். தேர் அதில் ஓரமாக, சக்கரத்தில் பாதி மட்டும். டிஜிட்டல் கையில் இருந்திருந்தால் வடம் பிடிக்கும் கைகளில் நானூறு எடுத்திருப்பேன், அந்தப் பெரியவரைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

டிஜிட்டலிலேயே முப்பத்தாறு மட்டும் எடுப்பேன் என்று விரதம் இருந்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். நானும் செய்து பார்த்தேன். திரையில் அட்டை ஒட்டி மறைத்துக்கொண்டுகூடப் போனேன். பதினைந்தாவது படத்தில் அட்டையைப் பிய்த்துவிட்டேன். தப்பினால் அழிக்கலாம் என்று மனசுக்குத் தெரிந்திருக்கும்வரை அது முழு எடையோடு முடிவெடுப்பதில்லை. மற்றவர்களுக்கு முடியலாம், எனக்கு முடியவில்லை. அதேபோல ரோலுக்கு ஒத்துவராத இடமும் உண்டு. கூந்தன்குளத்தில் செங்கால் நாரை இறங்குவதை எடுக்க நான் டிஜிட்டலைத்தான் கொண்டுபோகிறேன். இன்றைக்கும் கல்யாண வேலை அதில்தான். ஆனால் இப்போது ஒரு கல்யாணத்துக்கு எழுநூறு படம் எடுக்கிறேன். யாரும் குறை சொல்லவில்லை.

கழுவுவதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ரோலில் பதிந்ததை வெளியே கொண்டுவரும் மருந்தான டெவலப்பரை அண்ணாச்சி தானே கலப்பார். டி-76 என்ற பழைய சூத்திரம்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு வைத்திருக்கிறார். கோடக்கின் டிரை-எக்ஸ் ரோலை இந்த டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்து 20 டிகிரியில் கழுவினால் 9¾ நிமிடம். இந்த நேரக் கணக்கெல்லாம் பெட்டியில் போட்டிருக்கும். பெட்டியை எழுதியவர்கள் மே மாதத்து திருநெல்வேலித் தண்ணீரைத் தொட்டதில்லை. மதியம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் தெர்மாமீட்டர் 38 காட்டும். வெப்பம் ஏற ஏற டெவலப்பரின் வேகம் கூடும், நேரத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் இடையிலேயே படம் திட்டுத் திட்டாகிவிடும். ஜெலட்டின் இளகி, நகம் பட்டால் உரிந்துவரும்.

அதனால் கழுவுவது விடிகாலை நாலு மணிக்கு. முந்தின நாளே பானையில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவேன். மீன்கடை ஐஸ் ஒரு கட்டி வாங்கி உடைத்து, பிளாஸ்டிக் கவரில் கட்டி, பேசினில் போட்டு, அதற்குள் டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, கழுவும் தண்ணீர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். டெவலப்பர் மட்டும் குளிர்ந்தால் பற்றாது. குளிர்ந்ததிலிருந்து சட்டென்று வெந்நீருக்குள் போனால் ஜெலட்டின் சுருங்கி, வறண்ட குளத்துச் சேறு வெடித்த மாதிரி படம் முழுக்கப் பாளம் விழும். என் ஏழாவது ரோல் அப்படித்தான் போனது. மாஞ்சோலை போய் மழையில் நனைந்து எடுத்த ரோல். இருட்டுப் பைக்குள் கைவிட்டு ரீலில் ஃபிலிமை ஏற்றும்போது வேர்வை பட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். அப்போது பதறக் கூடாது. டேங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்து, விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பப் போக வேண்டும். படம் எடுக்கும்போது இருக்க வேண்டிய நிதானம் எனக்குக் கைக்கு வந்தது இந்தப் பைக்குள்தான்.

ஹைப்போவுக்குப் பிறகு டேங்கைத் திறந்து முதல் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது இருக்கிறதே, அதற்கு ஈடு நான் இன்னும் காணவில்லை. அங்கேயும் அண்ணாச்சிக்கு ஒரு விதி. "நெகட்டிவ்ல ஆளத் தேடாத. கனத்தப் பாரு." முகம் கறுத்து, முடி வெளுத்து, எல்லாம் மாறிக் கிடப்பதால் இவர் மாமா, இவள் பக்கத்து வீட்டுப் பெண் என்று மனசு பெயர் வைக்க முடிவதில்லை. கறுப்பு எங்கே கூடியிருக்கிறது, வெறுமை எங்கே இருக்கிறது, கண் எந்த வழியாக உள்ளே போய் எங்கே நிற்கிறது என்று மட்டும் தெரியும். பிடித்தமான ஆளின் படம் என்பதால் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பல படங்கள் நெகட்டிவில் சோர்ந்து கிடந்தன. சட்டகத்துக்குள் எடையை நிறுத்துவது என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது இதுதான்.

2023 டிசம்பர் 17, 18. தென்மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் அந்த இரண்டு நாளைச் சொல்லத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது. அண்ணாச்சி வீடு ஆற்றோரம், சிந்துபூந்துறைப் பக்கம். இடுப்பளவு தண்ணீர் ஏறி இறங்கியபின் போனேன். நாற்பது வருஷத்து நெகட்டிவ், பிஸ்கட் டின்களிலும் தாள் உறைகளிலும் இருந்தது, அத்தனையும் சேற்றுத் தண்ணீருக்குள். என் பக்கத்து வீட்டு நண்பன் ஒருவனின் ஹார்ட் டிஸ்க்கும் அதே வெள்ளத்தில் போனது, அதிலிருந்து ஒரு படமும் மீளவில்லை. நெகட்டிவுக்கு ஒரு வழி இருக்கிறது: காய விடக் கூடாது. காய்ந்தால் உறையோடு ஒட்டிக்கொள்ளும். நனைந்தபடியே நல்ல தண்ணீருக்கு மாற்றி, ஊறவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, படப்பக்கம் விரல் படாமல் அலசி, கொடியில் தொங்கவிட வேண்டும். நாலு நாள், அவர் மகன், நான், இன்னும் இரண்டு பையன்கள். மாடியில் வேட்டிக் கொடியெல்லாம் நெகட்டிவ். கால்வாசி போய்விட்டது. முக்கால்வாசி மிஞ்சியது.

மூன்றாம் நாள் மதியம் வெயில் அடித்தது. கொடிகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தேன். கல்யாணம், மொட்டை, காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், வேலைக்கு மனுப்போடப் படமெடுக்க வந்த பையன்கள், வளைகாப்பு. எல்லாவற்றிலும் ஒளி இடது பக்கத்திலிருந்து, கண்ணுக்குக் கொஞ்சம் மேலேயிருந்து வந்தது. வலது கன்னம் நிழலில், ஆனால் ஒருபோதும் வெறுமையாக இல்லை. ஸ்டூடியோவில் அவருடைய வடக்கு ஜன்னல் இடது பக்கம் இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் அப்படி ஒரு ஜன்னலைத் தேடியிருக்கிறார், இல்லாத இடத்தில் ஒரு வாசலை. பிஸ்கட் டின்னில் இருந்த பல்லாயிரம் படத்தில் எதை உருவினாலும் இது இவர் எடுத்தது என்று சொல்லிவிடலாம். பாணி என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட என்னிடம் உச்சரித்ததில்லை. கேட்டேன். "அந்த ஜன்னல் அங்கன இருந்துது தம்பி, அதான்" என்றார்.

அதன்பிறகு நான் என்னுடைய காண்டாக்ட் ஷீட்டுகளை, ஒரு ரோலின் படமெல்லாம் நெகட்டிவ் அளவிலேயே ஒரே தாளில் விழுந்த அச்சுகளை, எடுத்துப் பட்டாசலில் பரப்பினேன். நாற்பத்தெட்டு ரோல், நாற்பத்தெட்டு தாள். தனித்தனியாகப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்து பார்த்தாள். "ஏன்ல எல்லாத்துலயும் நெலப்படி இருக்கு?" என்றாள். இருந்தது. பாய் நெய்யும் அக்கா, நிலைக்கு வெளியே. தேர்ப் பெரியவர், ஒரு கடைச் சார்ப்பின் விளிம்புக்கு வெளியே. குறுக்குத்துறைப் படித்துறை, கல் மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே. அம்பாசமுத்திரத்தில் நெல் காயப்போடுகிறவர்கள், மாட்டுத் தொழுவத்து இருட்டிலிருந்து. சட்டகத்தின் ஓரம் எப்போதும் கனத்த நிழல், நடுவில் வெயில்.

நான் அப்படித் திட்டமிடவில்லை. நடந்தது என்னவென்றால், நிழலுக்கு அளந்து எடு என்று சொன்னார், அதனால் நிழலைத் தேடிப் போய் நின்றேன். நிழலுக்குள் நின்றால் பார்வை வெளியே போகும். நெகட்டிவ் அந்த வெளி வெயிலைத் தாங்கியது. கையில் ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸ், அதனால் எப்போதும் ஏறக்குறைய அதே தூரம். இத்தனையும் சேர்ந்து, என்னைக் கேட்காமலேயே ஒரு பழக்கமாக ஊறியிருந்தது. இன்றைக்கு போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் எந்தப் படத்துக்கும் ஃபிலிம் மாதிரிப் புள்ளியும் மங்கலும் வந்துவிடும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்து யாரும் நிலைப்படிக்கு உள்ளே போய் நின்றுவிட மாட்டார்கள்.

தெரிந்துகொண்டபின் அதிலிருந்து விலகிப் பார்க்கும் ஆசை வந்தது. போன வருஷம் குதிரைமொழித் தேரிக்குப் போனேன். இப்போது தூத்துக்குடி மாவட்டம், 1986-க்கு முன் எல்லாம் ஒரே ஜில்லாதான். நிலையும் இல்லை, சார்ப்பும் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மண் மேடு, அங்கங்கே பனை. அங்கே வேறு ஒரு பாடம் காத்திருந்தது. கண்ணுக்குச் செம்மண்ணும் பச்சை ஓலையும் எதிரும் புதிருமாக நிற்கும், முதல் ரோலில் இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்து கிடந்தன. இரண்டாவது ரோலுக்குச் சிவப்பு ஃபில்டர் போட்டேன். மூன்று ஸ்டாப் ஒளியைத் தின்றுவிடும் கண்ணாடி அது. மண் வெளுத்து, வானமும் ஓலையும் கறுத்து, தேரி பனிமலை மாதிரி வந்தது. அழகு, ஆனால் பொய். மூன்றாவதற்கு மஞ்சள் ஃபில்டர், நேரம் சாயங்காலம் நாலரை. அதில் ஒரு படம் மட்டும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்டவெளி, கீழ்விளிம்பிலிருந்து நீண்டு போகும் ஒரு நிழல், தூரத்தில் பதநீர் இறக்கிவிட்டுப் போகிற ஒருவர்.

அண்ணாச்சியிடம் கொண்டுபோய் நெகட்டிவைக் கொடுத்தேன். இந்தப் படத்தில் வாசலே கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, நெகட்டிவைக் கண்ணுக்கு அருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வெயிலு முதுகுப் பக்கம்லா. ஒன் நெழல எங்க?"

எட்டிப் பார்த்தேன். கீழ்விளிம்பிலிருந்து போவது பனையின் அடிமரத்து நிழல். அது ஓரிடத்தில் மட்டும், இரண்டு தோள் அகலத்துக்கு, இருபக்கமும் லேசாகப் புடைத்திருந்தது.

"பனை நெழலுக்குள்ள போயி நின்னுருக்க" என்றார். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரின் தட்டில் வைத்துத் தூசி ஊதினார். "பிரிண்ட் போடு. பேப்பர் ரெண்டுதான் கெடக்கு, பாத்துப் போடு."